சளி பிடித்த வீட்டில் பூண்டு: நசுக்குவதிலிருந்து ரசம் வரை

போன நவம்பரில் ஒரு ராத்திரி, பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதமே ஆகியிருந்த அக்கா மகள் போன் செய்தாள். மூக்கடைத்த குரல். "சித்தி, அம்மாகிட்ட சொல்லிடாதீங்க, உடனே பஸ் ஏறிடுவாங்க. பூண்டு ரசம் எப்படி வைக்கிறதுன்னு மட்டும் சொல்லுங்க" என்றாள். அவளிடம் இருந்தவை ஓர் இண்டக்சன் அடுப்பு, இரண்டு பாத்திரங்கள், ஒரு கத்தி, கடையில் வாங்கிய கால் கிலோ பூண்டு. அன்றைக்கு அவளுக்குச் சொன்னதை இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். வீட்டை விட்டு வந்து முதன்முறையாகத் தனியே சளியோடு படுத்திருப்பவர்களையும், கைவைத்தியம் சொல்லப் பெரியவர்கள் பக்கத்தில் இல்லாத இளம் குடும்பங்களையும் நினைத்து எழுதியது இது.

ரசத்துக்கு முன்னால் அவளிடம் நான் கேட்டது வேறு கேள்வி. "காய்ச்சல் எத்தனை டிகிரி? எப்போதிலிருந்து?"

முதலில், இது சளிதானா?

சாதாரணச் சளி மெதுவாக வரும். முதல் நாள் தொண்டை கரகரக்கும், அப்புறம் தும்மல், மூக்கொழுகல், மூக்கடைப்பு. காய்ச்சல் இருந்தாலும் லேசாகத்தான் இருக்கும். இருநூறுக்கும் மேற்பட்ட வைரஸ்கள் இதைக் கொண்டு வரும். ஏழு முதல் பத்து நாளில் தானே அடங்கும், இருமல் மட்டும் இன்னும் ஒன்றிரண்டு வாரம் இழுக்கலாம்.

ஃப்ளூ அப்படி இல்லை. காலையில் நன்றாக இருந்தவர் மாலையில் எழுந்து நிற்க முடியாமல் படுத்துவிடுவார். நல்ல காய்ச்சல், குளிர் நடுக்கம், உடம்பெல்லாம் அடித்துப் போட்டது போன்ற வலி. கர்ப்பிணிகள், முதியவர்கள், சின்னக் குழந்தைகள், ஆஸ்துமா, சர்க்கரை, இதய நோய் உள்ளவர்கள் இந்த அறிகுறிகளோடு வீட்டு மருந்தில் நாளைக் கடத்தக் கூடாது. ஃப்ளூவுக்கு ஓசல்டாமிவிர் என்ற மாத்திரை இருக்கிறது. அறிகுறி தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் அது முழுப் பலன் தரும். அதை டாக்டர்தான் எழுதித் தர வேண்டும்.

மூன்றாவது ஒன்று, நம் பக்கத்து மழைக்காலத்தில் மறக்கவே கூடாதது: டெங்கு. திடீரென்று கடும் காய்ச்சல், கண்ணுக்குப் பின்னால் வலி, மூட்டு வலி இருந்து, மூக்கொழுகலோ இருமலோ பெரிதாக இல்லை என்றால் ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள். டெங்குவாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருக்கும்வரை ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் இரண்டும் கூடாது, ரத்தக் கசிவு அதிகமாகும். பச்சைப் பூண்டுக்கும் ரத்தம் உறைவதைச் சற்றுத் தாமதப்படுத்தும் குணம் உண்டு. அதனால் காய்ச்சல் எதனால் என்று தெரியும்வரை எங்கள் வீட்டில் பச்சைப் பூண்டைத் தொடுவதில்லை. ரசத்தில் வெந்த நாலு பல்லைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால், உதடு நீலம் பாரித்தால், காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டினால், விட்டுவிட்டு மறுபடி அதிகமாக அடித்தால், குழந்தை பால் குடிக்காமல் துவண்டு கிடந்தால், மூன்று மாதத்துக்கு உட்பட்ட சிசுவுக்குக் காய்ச்சல் என்றால், அடுப்பை அணைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

அக்கா மகளுக்கு 99.4 இருந்தது. தும்மிக்கொண்டே இருந்தாள். சரி, சளிதான்.

பூண்டு வாங்குவது

கையில் எடுத்தால் கல் போலக் கெட்டியாக, தோல் காய்ந்து சரசரவென்று இருக்க வேண்டும். அழுத்தினால் உள்ளே போகிற பூண்டு, அடிப்பக்கம் கறுத்த பூண்டு வேண்டாம். நம் கடைகளில் கிடைப்பதில் பெரும்பகுதி மத்தியப் பிரதேசத்தின் மந்த்சௌர் பக்கத்திலிருந்து வருகிறது. கொடைக்கானல் மலைப்பூண்டு கிடைத்தால் வாங்குங்கள். பூம்பாறை, மன்னவனூர் பக்கம் விளையும் அதற்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. காரமும் மணமும் தூக்கலாக இருக்கும், நாள்பட நிற்கும். கிடைக்காவிட்டாலும் குறையில்லை. ஒற்றைப்பல் பூண்டுதான் மருந்து என்று சொல்லி இரண்டு மூன்று மடங்கு விலைக்கு விற்பார்கள். சளிக்கு அதைத் தேடி அலைய வேண்டியதில்லை.

ஈழத்துச் சமையல் குறிப்பு பார்த்துச் செய்பவர்களுக்கு ஒரு சொல்: அங்கே 'உள்ளி' என்றால் பூண்டு. நாகர்கோவில் பக்கம் உள்ளி என்றால் வெங்காயம். என் தோழி ஒருத்தி அப்படி ஓர் ஈழத்துக் குறிப்பைப் படித்துவிட்டு மல்லித்தண்ணியில் சின்ன வெங்காயத்தைத் தட்டிப் போட்டுக் குடித்திருக்கிறாள்.

நசுக்குங்கள், பத்து நிமிடம் காத்திருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதாக இருந்தால் இந்தப் பகுதியை வையுங்கள்.

உரிக்காத பூண்டை முகர்ந்து பாருங்கள், வாசனையே இருக்காது. கத்தி பட்டதும்தான் மணம் கிளம்பும். பூண்டுக்குள் அல்லீன் என்ற பொருளும் அல்லினேஸ் என்ற நொதியும் தனித்தனி அறைகளில் இருக்கின்றன. நசுங்கும்போது அறைச் சுவர் உடைந்து இரண்டும் கலக்கின்றன. அப்போது பிறப்பதுதான் அல்லிசின். பூண்டின் காரம், எரிச்சல், கிருமியை எதிர்க்கும் குணம் எல்லாவற்றுக்கும் பெரும்பாலும் அதுவே காரணம். 1944-இல் கவாலிட்டோ, பெய்லி என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் அதைப் பிரித்தெடுத்துப் பெயர் வைத்தார்கள்.

சிக்கல் என்னவென்றால் அந்த நொதிக்குச் சூடு ஆகாது, கடும் புளிப்பும் ஆகாது. பல்லை முழுசாகக் கொதிக்கிற தண்ணீரில் போட்டால் நொதி முதலில் செத்துவிடும், அப்புறம் நசுக்கிப் பயனில்லை. பூண்டை மைக்ரோவேவில் ஒரு நிமிடம் வைத்தாலே அந்த வேலை நின்றுவிடும் என்று சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். மாத்திரை போல முழுப் பல்லை விழுங்குகிறவர்களுக்கும் இதே கதிதான். வயிற்றின் அமிலம் நொதியை முடக்கிவிடும்.

ஆகவே செய்ய வேண்டியது இது. பல்லை உரித்து, இடிகல்லில் வைத்து இரண்டு தட்டு தட்டுங்கள். இடிகல் இல்லையென்றால் கத்தியைப் பட்டையாக வைத்து உள்ளங்கையால் ஓர் அழுத்து. அதுவும் இல்லையென்றால் டம்ளரின் அடி. விதை போல இருந்தது பிளந்து, சாறு பளபளவென்று கசிந்து, கண் லேசாகக் காந்த வேண்டும், அதுதான் பக்குவம். அப்படியே தட்டில் பத்து நிமிடம் விட்டுவிடுங்கள். அந்த நேரத்தில் மிளகு இடிக்கலாம், புளி கரைக்கலாம். என் பாட்டி பூண்டைத்தான் முதலில் தட்டுவார், மற்ற எல்லா வேலையும் அதற்குப் பிறகுதான். காரணம் கேட்டால் "அது கொஞ்சம் மூச்சு விடட்டும்" என்பார். அந்த வார்த்தைக்கு இப்படி ஓர் அர்த்தம் இருக்கிறது என்று எனக்குத் தெரிய முப்பது வருடம் ஆனது.

தோல் உரிப்பது கஷ்டமாக இருந்தால் பற்களை வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் போட்டுவையுங்கள், விரலால் தள்ளினாலே கழன்றுவிடும். கொதிநீர் வேண்டாம், காரணம் மேலே சொன்னதுதான்.

பூண்டு ரசம், இரண்டு பேருக்கு

சின்ன நெல்லிக்காய் அளவு புளியை வெந்நீரில் ஊறப்போடுங்கள். பத்துப் பல் பூண்டைத் தட்டி வையுங்கள். ஒரு தேக்கரண்டி மிளகு, ஒரு தேக்கரண்டி சீரகம், இரண்டையும் ஒன்றிரண்டாக இடியுங்கள். மிக்ஸியில் போட்டால் ஒரே சுற்றில் நிறுத்துங்கள். மாவாகிவிட்டால் ரசம் கலங்கி, தொண்டையில் அறுக்கும்.

புளியைக் கரைத்து வடிகட்டி, ஒரு தக்காளியைக் கையாலேயே பிசைந்து அதில் சேர்த்து, கால் தேக்கரண்டி மஞ்சள்தூளும் உப்பும் போடுங்கள். மொத்தம் இரண்டரை டம்ளர் வரும்படி தண்ணீர்.

பாத்திரத்தில் ஒரு கரண்டி நல்லெண்ணெயோ நெய்யோ காயட்டும். அரைத் தேக்கரண்டி கடுகு வெடித்ததும் ஒரு வரமிளகாய், கறிவேப்பிலை, கொஞ்சம் பெருங்காயம். தட்டிய பூண்டில் பாதியை இதில் போட்டு ஓரம் பொன்னிறமாகும்வரை வதக்குங்கள். கருகவிடாதீர்கள், கருகின பூண்டு கசக்கும், அந்தக் கசப்பை எதைப் போட்டாலும் மறைக்க முடியாது. இப்போது புளித்தண்ணீரை ஊற்றுங்கள். பச்சை வாசனை போக ஐந்தாறு நிமிடம் கொதிக்கட்டும். அப்புறம் தீயைக் குறைத்து, இடித்த மிளகு சீரகத்தைப் போடுங்கள். இனிமேல் கொதிக்கவே கூடாது. பாத்திரத்தின் ஓரத்தில் வெள்ளையாக நுரை கட்டி, நடுவை நோக்கிக் கூடி வரும். நுரை மேலே எழும்புகிற நேரத்தில் இறக்கிவிடுங்கள்.

மீதிப் பாதிப் பூண்டு இருக்கிறதே, அதை இறக்கிய பிறகு போட்டு, கொத்தமல்லித் தழையைக் கிள்ளிப் போட்டு, மூடி வையுங்கள். வதங்கிய பாதியில் ருசி, கடைசியில் போட்ட பாதியில் காரம். எங்கள் வீட்டில் சளிக்கு வைக்கும் ரசத்துக்கு மட்டும் இப்படி இரண்டு தடவை போடுவோம், சாதாரண நாள் ரசத்துக்கு ஒரு தடவைதான்.

முதல் டம்ளரைச் சோற்றில் ஊற்றாமல் குடியுங்கள். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து, ஆவி மூக்குக்குள் ஏறும்படி, ஊதி ஊதிக் குடிப்பதுதான் வழி. பாதி டம்ளரில் மூக்கு ஒழுக ஆரம்பிக்கும், காதுக்குப் பின்னால் வியர்க்கும். 2008-இல் பிரிட்டனின் கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் சளி பிடித்தவர்களுக்குச் சூடான பழரசம் கொடுத்துப் பார்த்தார்கள். தும்மல், இருமல், தொண்டை வலி எல்லாம் உடனே தணிந்ததாக அவர்கள் சொன்னார்கள். அதே பானம் அறை வெப்பத்தில் அத்தனை சுகம் தரவில்லை. ரசத்தின் சுகத்தில் பாதி சூட்டுக்கே சேரும் என்று நினைக்கிறேன். ஆறின ரசத்தைக் குடித்துவிட்டு, கேட்கவில்லை என்று சொல்லாதீர்கள்.

பூண்டுப் பால்

ராத்திரி படுக்கும் முன் குடிக்க. வறட்டு இருமலில் தூக்கம் கெடுகிறவர்களுக்கு ஏற்றது. பலர் பாலைக் கொதிக்கவைத்து அதில் பச்சைப் பூண்டைப் போட்டுத் திரிந்துபோய் விட்டுவிடுகிறார்கள். பூண்டைத் தனியாகத் தண்ணீரில் வேகவைத்துவிட்டால் அந்தத் தொல்லை பெரும்பாலும் வராது. ஆறேழு பல்லைத் தட்டி, பத்து நிமிடம் வைத்து, முக்கால் டம்ளர் தண்ணீரில் வேகவிடுங்கள். தண்ணீர் பாதியாகிப் பூண்டு கரண்டியில் மசிந்ததும், காய்ச்சிய பால் ஒரு டம்ளர், ஒரு சிட்டிகை மஞ்சள், நாலு மிளகு இடித்தது. ஒரு கொதி வந்ததும் இறக்குங்கள். இறக்கிய பிறகு பனங்கற்கண்டு. கருப்பட்டி போடுவதாக இருந்தால் பால் கொஞ்சம் ஆறட்டும், கொதிக்கிற பாலில் அதுவும் திரித்துவிடும்.

வெந்த பூண்டு இதில் மாவு போல இனிப்பாக இருக்கும். காரமே சேராத ஆறு வயதுக் குழந்தைகூட மசித்துக் கொடுத்தால் சாப்பிடும். பால் குடித்தால் சளி கட்டும் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. பால் சளியை அதிகமாக்குவதில்லை. பால் குடித்தபின் தொண்டையில் ஒரு படலம் போலத் தோன்றுவதால் வந்த எண்ணம் அது. இருந்தாலும் மனம் ஒப்பவில்லை என்றால் ரசத்தோடு நின்றுகொள்ளுங்கள்.

பச்சையாகச் சாப்பிடுவது

வேகவைத்தால் அல்லிசினில் பெரும்பகுதி வேறு கந்தகப் பொருள்களாக மாறிவிடும். காரத்தோடு வேண்டும் என்கிறவர்கள் பச்சையாகச் சாப்பிடலாம். பெரியவர்களுக்கு நாளுக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு சின்னப் பல் போதும். நசுக்கி, பத்து நிமிடம் விட்டு, ஒரு தேக்கரண்டித் தேனில் குழைத்தோ, நெய் ஊற்றிய சூடான சோற்றின் முதல் கவளத்தில் வைத்தோ சாப்பிடுங்கள். வெறும் வயிற்றில் வேண்டாம். வயிற்றுப் புண், எதுக்களிப்பு இருந்தால் பச்சைப் பூண்டின் பக்கமே போகாதீர்கள்.

ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் ஒரு துளிகூடக் கூடாது, நாக்கில் தடவுவதும் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு பாக்டீரியாவின் வித்து சிசுவின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும். பொட்டுலிசம் என்று அதற்குப் பெயர். உயிருக்கே ஆபத்து.

வாய் நாற்றத்துக்கு: பூண்டோடு பால் குடித்தால், அல்லது மேலே ஓர் ஆப்பிளோ புதினாவோ மென்றால் குறையும். முழுசாகப் போகாது, ஏனென்றால் அதில் ஒரு பகுதி ரத்தத்தில் கலந்து நுரையீரல் வழியாக வருகிறது.

இதையெல்லாம் செய்யாதீர்கள்

பூண்டை உரித்து மூக்குக்குள் வைத்துக்கொள்ளும் வீடியோக்கள் சில வருடங்களுக்கு முன்பு பரவின. எடுத்ததும் மூக்கு ஒழுகுவது உண்மை. ஆனால் அது அடைப்பு நீங்கியதால் அல்ல, எரிச்சல் தாங்காமல் மூக்கு நீரைக் கொட்டுவதால். புண்ணாகும், பல் உள்ளே சிக்கிக்கொள்ளவும் செய்யும். காதுக்குள் வைப்பதும் வேண்டாம்.

குழந்தையின் உள்ளங்காலில் பூண்டை அரைத்துக் கட்டுவதைப் பற்றிச் சொல்லும்போது எனக்கு இன்னும் மனசு பதறுகிறது. எங்கள் உறவில் பத்து மாதக் குழந்தைக்கு நெஞ்சுச் சளி என்று யாரோ சொன்னதைக் கேட்டு ராத்திரி முழுக்கக் காலில் கட்டி, மேலே சாக்ஸ் போட்டுவிட்டார்கள். குழந்தை அழுதது, சளியால் அழுகிறது என்று நினைத்துத் தட்டிக் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். காலையில் கழற்றினால் பாதத்தில் பத்து ரூபாய் நாணயம் அளவு கொப்புளம், ஓரமெல்லாம் பழுப்பு. தோலில் வெகுநேரம் பட்டால் பச்சைப் பூண்டு சுடும், நெருப்பில் சுட்டது போலவே. குழந்தைத் தோல் இன்னும் மெல்லியது. நெஞ்சில் தடவுவது, நெற்றியில் பற்றுப் போடுவது எதுவானாலும் பச்சைப் பூண்டு கூடாது.

பூண்டை எண்ணெயில் ஊறப்போட்டு அலமாரியில் வைப்பதும் ஆபத்து. காற்றுப் புகாத எண்ணெய்க்குள், அறை வெப்பத்தில், அதே பொட்டுலிசம் கிருமி வளரும். 1985-இல் கனடாவின் வான்கூவரில் ஓர் உணவகத்தில் எண்ணெயில் போட்ட பூண்டினாலேயே பலர் இந்த நஞ்சுக்கு ஆளானார்கள். கெட்டுப்போன வாசனைகூட வராது. எண்ணெயில் பூண்டு காய்ச்சினால் அன்றைக்கே தீர்த்துவிடுங்கள்.

வார்ஃபரின், குளோபிடோக்ரெல், தினசரி ஆஸ்பிரின் போன்ற ரத்தம் உறையாமல் இருக்கும் மருந்து எடுப்பவர்கள், எச்.ஐ.வி. மருந்து எடுப்பவர்கள், ஒன்றிரண்டு வாரத்தில் அறுவை சிகிச்சை இருப்பவர்கள் ஆகியோர் பச்சைப் பூண்டும் பூண்டு மாத்திரையும் டாக்டரிடம் கேட்காமல் எடுக்கக் கூடாது. பல் பிடுங்கப் போவதாக இருந்தாலும் சொல்லிவிடுங்கள்.

எவ்வளவு எதிர்பார்க்கலாம்

பூண்டின் மேல் எனக்கு இருக்கும் பிரியத்தை மறைக்கவில்லை. அதனாலேயே இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. பூண்டு சளியைக் குணமாக்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. பேர் சொல்லும்படி உள்ள ஒரு சோதனை பிரிட்டனில் நடந்து 2001-இல் வெளியானது. 146 பேர், குளிர்காலத்தில் 12 வாரம். பாதிப் பேருக்குத் தினம் பூண்டு மாத்திரை, பாதிப் பேருக்கு வெற்று மாத்திரை. பூண்டு எடுத்தவர்களுக்கு மொத்தம் 24 முறை சளி பிடித்தது, மற்றவர்களுக்கு 65 முறை. ஆனால் சளி வந்தபின் குணமாக இரு தரப்புக்கும் கிட்டத்தட்ட ஒரே அளவு நாள்தான் ஆனது. பிறகு ஆய்வுகளையெல்லாம் அலசிய காக்ரேன் குழு, இந்த ஒரு சோதனையை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது என்று எழுதியது. ஆன்டிபயாட்டிக்கும் சளி வைரஸை ஒன்றும் செய்யாது, கடையில் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள்.

ஆகவே காய்ச்சலும் உடம்பு வலியும் படுத்தினால் பாராசிட்டமால் போட்டுக்கொள்ளுங்கள், அளவு தாண்டாமல். ரசம் குடித்தாயிற்றே என்று மாத்திரையை விட வேண்டாம், மாத்திரை போட்டாயிற்றே என்று ரசத்தையும் விட வேண்டாம். நாள் முழுக்க வெந்நீர் குடியுங்கள், தூங்குங்கள். தொண்டைக்கு உப்பு போட்ட வெந்நீரில் கொப்பளியுங்கள். ஆவி பிடிப்பதாக இருந்தால் பாத்திரத்தைத் தரையில் அசையாமல் வைத்துப் பெரியவர்கள் மட்டும் பிடியுங்கள். குழந்தைகள் மேல் கொதிநீர் கவிழ்ந்து வெந்துபோகும் விபத்துகள் நிறைய நடக்கின்றன.

அன்று ராத்திரி பத்தரை மணிக்கு அக்கா மகள் ரசத்தின் படத்தை அனுப்பினாள். நுரை கட்டும் நேரத்தைத் தவறவிட்டுக் கொதிக்க விட்டிருந்தாள், மிளகு அடியில் தங்கி நிறம் கறுத்திருந்தது. "பரவாயில்லை, சூடாகக் குடி, நாளைக்கு மறுபடி வை" என்றேன். மூன்றாம் நாள் வந்த படத்தில் நுரை வெள்ளையாக, வளையம் போல நின்றது.

மிச்சப் பூண்டை ஃபிரிட்ஜில் வைக்க வேண்டாம், முளை விடும். காற்றோட்டமான கூடையில், வெங்காயத்தோடு சேர்த்து வெளியிலேயே இருக்கட்டும். அப்படியும் முளைத்துவிட்ட பல்லைத் தூக்கிப் போடாமல், கூர்முனை மேலே இருக்கும்படி ஒரு சின்னத் தொட்டியில் ஊன்றுங்கள். இரண்டு வாரத்தில் பச்சைத் தாள் விரல் நீளத்துக்கு வந்துவிடும். கொத்தமல்லித் தழை இல்லாத நாளில் அதைக் கிள்ளி ரசத்தில் போடலாம்.